மானுக்குப் போட்ட விதைகளில் எது நின்றது

ஆன்லைனில் கொம்பு மான் படம் போட்டு 'மான் தீவன விதைக் கலவை' என்று ஒரு பாக்கெட் விற்கிறார்கள். கொங்குப் பக்கம் காடு, அதாவது மானாவாரி நிலம், வைத்திருப்பவர்கள் அதை வாங்க வேண்டாம். ஐந்துக்கு ஒரு மார்க் போடலாம், அந்த ஒரு மார்க்கும் பாக்கெட் கிழியாமல் வந்து சேர்ந்ததற்கு. அதே காசில் கொள்ளும் கொழுக்கட்டைப் புல் விதையும் வாங்கினால் மிச்சம் பணம் கையில் நிற்கும், மானும் வயிறாரத் தின்னும். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் நிறையப் பேர் இதைக் கேட்கிறார்கள்.

அவிநாசிக்கு மேற்கே புதுப்பாளையம், தெக்கலூர்ச் சுற்றுவட்டாரத்தில் புள்ளிமான்கள் இருப்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பெரிய மலையோ அடர்ந்த காடோ கிடையாது, கௌசிகா நதிப் பள்ளம், குட்டை, சீமைக்கருவேல முள்ளுக்காடு, இவ்வளவுதான் அதுகளுக்கு இடம். மாசி பிறந்து பள்ளம் காய்ந்தால் தீனிக்கும் தண்ணிக்கும் வெளியே வந்தே ஆக வேண்டும். வந்தால் ரோட்டில் வண்டி, ஊருக்குள் நாய், தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. பள்ளத்தை ஒட்டிய எங்கள் மானாவாரிக் காட்டில், எங்கள் ஆடுகள் மேய்ந்தது போக அதுகளுக்கும் ஏதாவது பச்சை இருந்தால் ரோட்டைத் தாண்டாமல் இருக்குமே என்றுதான் இதில் இறங்கினோம்.

பாக்கெட்டுக்கு வருவோம். வெள்ளைக் குளோவர் (பயறு வகைத் தீவனச் செடி), சிக்கரி, டர்னிப், ரேப் (கடுகு இனத் தீவனப் பயிர்) என்று நாலு விதை கலந்திருந்தது. அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தங்கள் நிலத்தில் போடுகிற பயிர் இதெல்லாம். அங்கே டர்னிப், ரேப் வகைகளைக் கோடைக் கடைசியில் விதைக்கிறார்கள், உறைபனி விழுந்ததும் இலையில் இனிப்பு ஏறும், அப்புறம் மான் தேடி வந்து தின்னும். அவர்கள் ஊருக்கு அது சரி. நமக்கு உறைபனி எங்கே இருக்கிறது? குளோவருக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும், மண்ணின் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருந்தால்தான் நன்றாக வரும். எங்கள் காடு சுண்ணாம்புச் சுக்கான் மண், 8-க்கு மேல் காட்டும். வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை, அதிலும் பாதி ஐப்பசி கார்த்திகையிலேயே கொட்டி முடிந்துவிடும். குளோவர் முளைத்த கையோடு கருகியது. டர்னிப் மட்டும் கொஞ்சம் இலை விட்டது, அதையும் மான் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. விற்றவரிடம் கேட்டால் பட்டம், அதாவது விதைக்கிற பருவம், தப்பிப் போட்டிருப்பீர்கள் என்கிறார். எந்தப் பட்டத்தில் போட்டால் அவிநாசியில் பனி உறையும் என்று அவரும் சொல்லவில்லை.

இதைவிட எனக்குப் பெரிய கோபம் வேறு இரண்டு விஷயத்தில். விதைகளில் பாதி ரோஸ் கலர் மருந்து பூசியது. நம்ம பக்கம் மயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை, விதைத்த அன்றைக்கே கிளறித் தின்னும். மருந்து போட்ட விதையை மேலாகத் தூவச் சொல்வது மயிலுக்கு விஷம் வைக்கிற காரியம், மூடி விதைக்கச் சொல்லிப் பாக்கெட்டில் ஒரு வரியாவது போட்டிருக்க வேண்டும். இன்னொன்று, கூடவே இலவசமாக ஒரு உப்புக் கட்டி, 'மானை இழுக்கும்' என்று எழுதி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே இரை வைத்து இழுப்பதும் சேர்ந்து வருகிறது. நாம் நல்லதுக்குத்தான் செய்கிறோம், ஆனால் உப்புக் கட்டி வைத்த இடத்தில் நாளைக்கு எவனாவது சுருக்குக் கம்பி கட்டினால் பதில் சொல்ல வேண்டியது காட்டுக்காரர். அதைத் தொடவே தொடாதீர்கள். புல்லு போடுவதென்றாலும் வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சரி, எது நின்றது? கொள்ளு. புரட்டாசி ஐப்பசியில் ஒரு உழவு ஓட்டி ஏக்கருக்கு 8 கிலோ விதைத்துவிட்டால் அதற்கப்புறம் பனிப் பதத்திலேயே அது பாட்டுக்கு வரும். மார்கழியில் காட்டுக்குள் குனிந்து பார்த்தால் யார் வந்து போனார்கள் என்று கொடியே சொல்லும். மானுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, அதனால் இழுத்துப் பிய்க்கும், நுனியில் நார் தொங்கும். முயல் கடித்த நுனி கத்தியில் சீவின மாதிரி சாய்வாக இருக்கும். எங்கள் கொள்ளில் பள்ளத்து ஓரம் முழுக்க நார் தொங்கியது, பார்க்கவே சந்தோசமாக இருந்தது. ஆனால் கொள்ளு தை, மாசியோடு முடிந்துவிடும், நமக்குக் கஷ்டமே அதற்கு அப்புறம்தான்.

அங்கேதான் கொழுக்கட்டைப் புல். இதைப் பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் பெரியவர்தான் சொன்னார். "ஏங் கண்ணு, அந்தச் சீமை வெதையெல்லாம் இந்த மண்ணுல நிக்குமா? கொழுக்கட்டையப் போட்டு உடு, ஒரு மழை பேஞ்சாப் போதும்." காங்கேயம், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். புல் காய்ந்து நின்றாலும் தூர் சாகாது, சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் துளிர்க்கும். புல் இல்லாத நாளில் வெள்வேலங்காய் உதிரும், செம்மறி தின்னும், மானும் தின்னும். ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம் என்று பட்டத்துக்குப் பட்டம் விதை வாங்காமல் வருசம் முழுக்க ஓடுகிற ஏற்பாடு இது ஒன்றுதான்.

வேலிமசால் என்கிற பயறு வகைச் செடியும் நல்ல தீனி, ஆனால் முதல் அறுப்புக்கே 90 நாள் ஆகும், அதற்குள் மான் வந்தால் தூரோடு போய்விடும். முள் வெட்டி அடைத்துக் காப்பாற்ற முடிந்தால் மட்டும் போடுங்கள். விதையைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் நாலு நிமிசம் போட்டு எடுத்து, இரவு பச்சைத் தண்ணியில் ஊற வைக்காவிட்டால் சரியாக முளைக்காது.

தீவனச் சோளம், கோ எஃப்எஸ் 29 மாதிரியானவை, கட்டுத்தறி மாட்டுக்கு அறுத்துப் போட அருமையான ரகம். மேய விடுகிற இடத்தில் வேண்டவே வேண்டாம். இளம் பயிரிலும் வெயிலில் வாடிய பயிரிலும் சயனைடு விஷம் இருக்கும், அசை போடுகிற எந்தப் பிராணிக்கும் ஆபத்து. மாட்டைக் கயிறு போட்டுப் பிடிக்கலாம், மானை யார் பிடிப்பது?

தண்ணித் தொட்டி வைப்பவர்கள் தரையோடு தரையாகத் தாழ்வாக வையுங்கள், ரோட்டுக்கும் கிணற்றுக்கும் எதிர்ப்பக்கமாக. கிணற்றுக்குச் சுவர் இல்லாவிட்டால் முதல் செலவு அந்தச் சுவருக்குத்தான், விதையெல்லாம் அப்புறம்.

விதை எங்கே என்று கேட்பவர்களுக்கு: கோவை வேளாண் பல்கலைக்கழகத்துத் தீவனப் பயிர்த் துறையில் கேளுங்கள், நீலக் கொழுக்கட்டைப் புல் கோ 1 அவர்கள் வெளியிட்ட ரகம். இல்லையென்றால் கொறங்காடு வைத்திருப்பவர்களிடமே உருவி வாங்கலாம். ஏக்கருக்கு இரண்டரை, மூன்று கிலோ போதும். விதை பஞ்சாட்டம் லேசு, வேட்டியில் ஒட்டும், காற்றில் பறக்கும், மணல் கலந்து தூவுங்கள். உருவின விதை ஆறேழு மாசம் உறங்கும், புதுசாக உருவியதை உடனே போட்டால் முளைப்பு வராது. பழைய விதையாகக் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் ஒரு சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் இரண்டு நாள் ஊற வைத்துப் போடுங்கள்.