வாசல் விரிசலில் போன 14,500 ரூபாய்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது 14,500 ரூபாய்.

மண்டபம் பக்கம், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. கார் நிறுத்தும் கான்கிரீட் தளத்தில் குறுக்கே ஒரு விரிசல். ஐப்பசி மழைக்கு முன்னால் அடைத்துவிடலாம் என்று, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பணம் கட்டிப் பதிந்தேன்.

வந்தவர் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு ரூபாய் நாணயத்தை விரிசலுக்குள் செருகிப் பார்த்தார். "அண்ணே, சிமெண்டு பூசினா நிக்காது. தளம் வெயிலுக்கு நீளும், ராத்திரி சுருங்கும். கூடவே இழுபடுற பியு சீலன்ட்தான், அதாவது பாலியூரித்தேன் பசைதான் போடணும். விரிசல் நெடுக கிரைண்டர்ல காடி, அதான் பள்ளம், வெட்டி, தூசிய ஊதி, உள்ள நுரைக்கயிறு திணிச்சு, அதுக்கு மேல போடணும்" என்றார். எல்லாமே சரியான பேச்சு. அந்த நாணயத்தில்தான் விழுந்தேன்.

ராமநாதபுரம் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. சாம்பல் நிறத்தில் நேர்த்தியான கோடு. வேலை முடிந்தது என்று செயலியில் பதிய ஓடிபி கேட்டார், சொன்னேன்.

பதினோராம் நாள் மழை. ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் நெம்பினேன், ரிப்பன் மாதிரி ஒரு முழம் கையோடு வந்துவிட்டது. அப்பளக் கனம். அடியில் கூட்டாத மணல். காடியும் இல்லை, கயிறும் இல்லை. மல்லிகைத் தொட்டிக்குப் பின்னால் காலி ட்யூப் கிடந்தது: உட்புறச் சுவருக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது.

செயலிக்காரர்களுக்குப் போன் செய்தால், "ஓடிபி கொடுத்துட்டீங்களே சார்." மறுநாள், "அவர் தனி ஆள், நாங்க இடையில மட்டும்தான்." படம் அனுப்பச் சொன்னார்கள், ஐந்து அனுப்பினேன். உப்புக்காற்றுப் பகுதிக்கு உத்தரவாதம் கிடையாதாம்! 14,500 ரூபாய் வாங்கும்போது பின்கோடு தெரியவில்லையா? வேலை பார்த்தவரோ, "தங்கச்சிமடத்துல இருக்கேன், ஞாயித்துக்கிழமை வாரேண்ணே" என்றார். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை. இப்போது எடுப்பதே இல்லை.

எப்படி ஆள் பிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. ட்யூப்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். காடி வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரத் தளத்தில் போட விடாதீர்கள். விரிசலில் துருக்கறை தெரிந்தால் கம்பி அரித்திருக்கிறது, அதற்கு சீலன்ட் மருந்தே இல்லை, நம் கடற்கரையில் அது நிறைய. ஒரு மழை பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். ட்யூப்பை எறியாமல் வைத்திருக்கிறேன்.