பாளையங்கோட்டையில் ஒரு குடல் பரிசோதனை: மருத்துவர் நன்று, உணவுத்தாள் நன்றன்று

என் அண்ணனுக்கு 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தபோது, உடன்பிறந்தவர்கள் அனைவரும் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும் என்று அவருடைய மருத்துவர் சொன்னார். இரண்டு ஆண்டுகள் ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்ட நான், கடந்த தை மாதம், 51 வயதில், பாளையங்கோட்டையில் உள்ள ஒரு தனியார் குடல்நோய் மருத்துவமனையில் அதைச் செய்துகொண்டேன். குறைகளையும் எழுதவிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

முதலில் தயாரிப்பு. மூன்று நாள்களுக்கு நார்ச்சத்தும் விதையும் உள்ள எதையும் தொடக்கூடாது. முந்தைய நாள் இளநீர், வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், பால் கலக்காத தேநீர் மட்டும். பேதி மருந்துப் பொடியைக் கலந்த தண்ணீரை மாலையில் பாதியும் விடியற்காலையில் மீதியுமாகக் குடிக்க வேண்டும். இப்படிப் பிரித்துக் குடித்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகும் என்பது உண்மைதான். ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ வருகிறவர் விடியற்காலை மருந்தைக் குடித்துவிட்டுப் பேருந்தில் எப்படி உட்கார்ந்து வருவார் என்பதை அட்டவணை போட்டவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வெளியூர்க்காரர்கள் முந்தைய இரவே திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அறை எடுத்துத் தங்குவது நல்லது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.

காலையில் செவிலியர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, கடைசியாப் போனது தண்ணி மாதிரி தெளிவாப் போச்சா?" என்பதுதான். தெளிவாகத்தான் போயிற்று என்றேன். ஆனால் பொங்கலுக்கு அவித்த பனங்கிழங்கில் இரண்டை முந்தாநாள் யாருக்கும் தெரியாமல் தின்றிருந்தேன். அரைத் தூக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இளஞ்சிவப்புச் சுவரில் வெள்ளை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் கருவியின் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி அதை அகற்றினார். அகற்றிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மொச்சைப் பயறை விடச் சிறிதாக, காம்பில்லாத ஒரு மேடு தெரிந்தது. அதுதான் பாலிப். பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் இந்தச் சதை வளர்ச்சிகளில் பெரும்பாலானவை கடைசிவரை தீங்கு செய்வதில்லை. அடினோமா எனப்படும் வகையில் சில மட்டும், பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, புற்றுநோயாக மாறுகின்றன. எனக்கு இருந்தது 8 மில்லிமீட்டர் அடினோமா. கம்பி வளையத்தை மாட்டி, இறுக்கி, எடுத்துவிட்டார்கள். வலி துளியும் இல்லை.

இந்த மருத்துவரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய நிதானம். கருவியைப் பெருங்குடலின் தொடக்கம் வரை கொண்டுபோய்விட்டு, வெளியே இழுத்துக்கொண்டு வரும்போதுதான் சுவரை உன்னிப்பாகப் பார்ப்பார்கள். அதற்குக் குறைந்தது 6 நிமிடமாவது செலவிட வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பல நாடுகளில் பின்பற்றப்பட்டுவந்த அளவுகோல். என் அறிக்கையில் 11 நிமிடம் என்று குறிக்கப்பட்டிருந்தது. பெருங்குடலின் தொடக்கத்தை எட்டியதற்கான புகைப்படமும் இணைக்கப்பட்டிருந்தது. எந்த ஊரில் செய்துகொண்டாலும் அறிக்கையில் இந்த இரண்டும் உள்ளனவா என்று பாருங்கள். சிறிய அடினோமா ஒன்று மட்டும் இருந்தவர்கள் வழக்கமாக ஏழு முதல் பத்து ஆண்டுகளில் மறுபடி வந்தால் போதும் என்றும், அண்ணனின் நோய் காரணமாக நான் ஐந்து ஆண்டுகளிலேயே வர வேண்டும் என்றும், உண்மையில் 40 வயதிலேயே வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கட்டணம் 7,500 ரூபாய் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். பாலிப்பை எடுத்ததற்கும் திசுப் பரிசோதனைக்கும் தனியாக 4,200 ரூபாய் ஆகும் என்பது ரசீது கையில் வந்த பிறகுதான் தெரிந்தது. தொகையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. முன்கூட்டியே சொல்லாததுதான் குறை.

இனி அந்த உணவுத்தாள். "பாலிப் வராமல் தடுக்கும் வாழ்க்கைமுறை" என்ற தலைப்புடன், வழவழப்பான காகிதத்தில், பன்றி இறைச்சித் துண்டங்களையும் சாஸேஜ் என்ற பதப்படுத்திய இறைச்சிக் குழலையும் தவிர்க்கும்படியும், ஆலிவ் எண்ணெயும் புரோக்கோலியும் சேர்த்துக்கொள்ளும்படியும் அறிவுறுத்தும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வேறு ஏதோ நாட்டுக்கு எழுதியதை அப்படியே தமிழாக்கியது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. சாஸேஜை நான் கண்ணால் கண்டதில்லை என்று உணவு ஆலோசகரிடம் சொன்னேன். முப்பது வயதுக்குள் இருக்கும் அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி வீட்டுல உப்புக்கண்டம் போடுவீங்களா?" என்று கேட்டார். ஆண்டுதோறும் போடுவோம் என்றேன். பேனாவை எடுத்துச் சாஸேஜை அடித்துவிட்டு உப்புக்கண்டம் என்று எழுதினார். அடுத்த இருபது நிமிடம் இந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை.

உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சேர்த்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியை ஒரு படி கீழே, உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது. சுக்கா போலக் கருகக் கருக வறுக்கும்போது தீங்கான வேதிப்பொருள்கள் கூடுதலாக உருவாகின்றன. ஆகவே ஆட்டுக்கறியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, வறுவலைக் குழம்பாக்கி, வாரத்தில் அரைக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கோழியும் மீனும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

இராப் பரோட்டாவைப் பற்றிக் கேட்டேன். பரோட்டா நேரடியாகப் பாலிப்பை உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது, எண்ணெயில் ஊறிய மைதா வயிற்றைச் சுற்றிச் சேர்க்கும் கொழுப்புதான் சிக்கல், அது இன்சுலினைக் கூட்டிக் குடற்சுவரின் செல்களை வளரத் தூண்டுகிறது என்று விளக்கினார். பின்பு நாடாவை எடுத்து என் இடுப்பை அளந்தார். 98 சென்டிமீட்டர், இந்திய ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும். அல்வாவைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. ஆயினும், ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த கோதுமைப் பாலில்தான் அல்வா கிண்டுகிறார்கள், நார் முழுவதும் சக்கையோடு போய்விடுகிறது, ஆகவே கோதுமை என்ற பெயரை நம்பி அதை நார்ச்சத்துக் கணக்கில் எழுத வேண்டாம் என்றார்.

நார்ச்சத்து விஷயத்தில் அவர் காட்டிய நேர்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நார்ச்சத்து மிகுதியாக உண்பவர்களுக்குக் குடல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பாலிப் எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 2,000 பேரைக் கொண்டு நடத்தி, 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கொழுப்பைக் குறைத்து நாரையும் காய்கனியையும் கூட்டிய உணவை நான்கு ஆண்டுகள் உண்ட பிறகும், பாலிப் திரும்ப முளைப்பது குறையவில்லை. "கீரையும் கிழங்கும் சாப்பிடுங்க, நல்லதுதான். ஆனா அதச் சாப்பிட்டுட்டு அஞ்சு வருசம் கழிச்சு வராம இருந்துராதீங்க" என்றார். முருங்கைக்கீரைத் துவட்டல், தட்டைப்பயறு, மீண்டும் பனங்கிழங்கு என்று அந்தப் பட்டியல் தாளின் ஓரம் முழுவதும் நிறைந்தது.

புகையும் மதுவும் தாளின் கடைசி வரியில் இருந்தன. என்னைக் கேட்டால் அவை முதல் வரியில் இருக்க வேண்டியவை. 25 ஆண்டுகள் புகைத்துவிட்டு ஐந்து ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியவன் நான். புகைப்பவர்களுக்குப் பாலிப் வரும் வாய்ப்பு தெளிவாகவே கூடுதல், நிறுத்திய பின் அது மெதுவாகத்தான் இறங்குகிறது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை அவர் சொல்ல மறுத்துவிட்டார். நடையைப் பொறுத்தவரை வாரத்துக்கு 150 நிமிடம். நான் காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றுகிறேன்.

கிளம்பும்போது வரவேற்பு மேசையில் அந்தத் தாளைக் காட்டி, இதையே அச்சடித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். பழைய தாள் இன்னும் இரண்டு கட்டு இருக்கிறது, அது தீர்ந்த பிறகு பார்க்கலாம் அண்ணாச்சி என்றார்கள். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஆறு நகல் எடுத்தேன்: அண்ணனுக்கு ஒன்று, இன்னும் பரிசோதனைக்குப் போகாத தங்கைகள் இருவருக்கும் ஒவ்வொன்று, மீதி மூன்றையும் அந்த ஆலோசகரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.