முதல் வகைச் சர்க்கரையும் பிரசவமும்: ஈரோட்டில் நான் சிகிச்சை பெற்ற இடம்

உடல் தானாக இன்சுலின் சுரக்காத முதல் வகைச் சர்க்கரை நோய் எனக்கு; பள்ளிக்கூட நாளிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவள் நான். பவானியிலேயே டாக்டர்கள் இருக்க, ஈரோடு பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பஸ் ஏற வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். சர்க்கரை டாக்டரும் பிரசவ டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே சீட்டில் எழுதும் பிரிவு அங்கே இருந்தது. அதற்காகவே போனேன்.

கருத்தரிக்கும் முன்பே போய்விடுவது நல்லது. எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் டாக்டரம்மா சம்மதித்தார். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் வாரங்களில் தாய்க்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தால் குறைபாடு வரும் வாய்ப்பு கூடிவிடும். ஃபோலிக் அமிலமும் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். விழித்திரையையும் சிறுநீரகத்தையும் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

உணவு அட்டையைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. ஓட்ஸ், சப்பாத்தி என்று அச்சடித்த தாள். எங்கள் அடுப்பில் அதெல்லாம் ஏறாது என்று சொன்னதும், ஆலோசகர் அதை ஓரமாக வைத்துவிட்டு என் சாப்பாட்டைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அரிசியும் பருப்பும் சாதம் அளவாக, கூடவே கீரையும் முட்டையும், கம்பஞ்சோற்றுக்கு மோர், சந்தவைக்கு (இடியாப்பம் போன்றது) வெல்லம் போட்ட தேங்காய்ப்பால் வேண்டாம், தாளித்துச் சாப்பிடலாம். ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 95-க்குள் (மி.கி./டெ.லி. கணக்கில்), சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 140-க்குள் நிற்க வேண்டும். கர்ப்பிணிக்குச் செய்யும் கட்டுச்சோற்று விருந்தன்று புளிச்சாதமும் தேங்காய்ச்சாதமும் எவ்வளவு, அதற்கு முன் இன்சுலின் எவ்வளவு என்பது வரை கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

இந்த இடத்தின் பெருமை பிரசவத் திட்டத் தாள். "வலி வந்த பிறகு யாருக்கும் ஒன்றும் ஞாபகம் இருக்காது அம்மணி, இப்போதே எழுதிவிடலாம்" என்று செவிலியர் அக்கா என் கணவரையும் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழில் எழுதினார். 37 வாரம் நிறைந்த பின், 39 வாரம் நிறையும் முன் பிரசவம். வலி நேரத்தில் மணிக்கொரு முறை ரத்தச் சர்க்கரை பார்த்து, 70-க்கும் 126-க்கும் இடையில் வைக்க வேண்டும். நச்சுக்கொடி வெளியே வந்ததும் இன்சுலின் தேவை சட்டென்று விழுந்துவிடும். அந்த நிமிடமே அளவைக் குறைக்க வேண்டும். இந்த வரிக்கு மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு. பிரசவ அறையில் அன்றிரவு பணியில் இருந்தவர் எனக்குப் புதியவர். தாளைப் படித்து அப்படியே செய்தார்.

குழந்தைக்கு அரை மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது என்பதும் அதில் இருந்தது. தாயின் சர்க்கரைக்குப் பழகிய குழந்தையின் உடல், பிறந்த பின்னும் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்குமாம். அதனால் அதன் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். சேனை (பிறந்த குழந்தையின் நாவில் முதலில் தொட்டு வைக்கும் இனிப்பு) வைக்க வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருந்தார். அக்கா அவரைக் கடிந்துகொள்ளவே இல்லை. "சீம்பால்தானுங்க அம்மா முதல் சேனை, நீங்களே பிள்ளையை மார்பில் சேர்த்துக் கொடுங்கள்" என்றார். மாமியார் அதன்படியே செய்தார்.

குறையும் உண்டு. காத்திருப்பு மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் போகிறது. இன்சுலின் போட்டவளைப் பசியோடு உட்காரவைப்பது ஆபத்து. இதை எழுதியே கொடுத்தேன், இன்னும் மாறவில்லை. இரவில் கூப்பிட்டால் தொலைபேசியை எடுப்பவருக்கு இன்சுலின் பற்றித் தெரியாது. ஸ்கேனுக்கு வேறொரு நாள் அலைய வேண்டும்.

போகிறவர்கள் கைப்பையில் சர்க்கரையும் கடலை உருண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாதத்திலேயே அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, நகலெடுத்து ஒன்றைக் கணவரிடம் கொடுங்கள். பாலூட்டும்போது தாய்க்குச் சர்க்கரை இறங்கும். ஊட்டும் முன் எதையாவது சாப்பிடச் சொல்லும் வரி தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதையும் படிக்கச் சொல்லுங்கள்.