வைக்கோலை மின் நிலையத்துக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டு என்னிடம் வைக்கோல் எடுத்த தரகர் இந்த வாரம் மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மறுபடியும் விலை பேசிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எட்டு ஏக்கரில் இயந்திரம் விட்டுச் சுருட்டியதில் 320 கட்டுகள். சுருட்டும் கூலி கட்டுக்கு 35 வீதம் 11,200 ரூபாய், என் கைப்பணத்திலிருந்து கொடுத்தேன். மாட்டுக்காரர்கள் வரப்பிலேயே கட்டு 55 ரூபாய்க்குக் கேட்டார்கள். வைக்கோலை எரித்து மின்சாரம் எடுக்கும் உயிரி மின் நிலையத்துக்கு எடுப்பதாகச் சொன்ன தரகரோ, "கிலோ 4 ரூபாய், வண்டி எங்களுடையது, பத்து நாளில் ஏற்றிவிடுவோம் ஐயா" என்றார். கட்டு 15 கிலோ என்றால் 60 ரூபாய். நம்பி, மாட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பினேன்.

பத்து நாள் 47 நாளானது. கேட்கும்போதெல்லாம் "ஆலையில் இடமில்லை ஐயா" என்பதே பதில். அறுவடை ஓரிரு மாதங்களில் முடிந்துவிடுகிறது. கொதிகலனுக்கோ ஆண்டு முழுவதும் தீனி வேண்டும். இடைப்பட்ட காலத்தில் யாராவது வைக்கோலை நனையாமல் காக்க வேண்டும். அவர்கள் கிடங்கு வாடகையை மிச்சப்படுத்த என் களத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். தார்ப்பாய்க்கு 2,400 ரூபாய் கொடுத்தேன். கையால் அடித்த நீள வைக்கோலைப் போராகப் போட்டால் மழை வழிந்து ஓடிவிடும். அறுவடை இயந்திரத்தில் நொறுங்கியது அப்படியில்லை, உறிஞ்சிக்கொள்ளும். மாசியில் இரண்டு நாள் மழை. அடியிலிருந்த 60 கட்டுகள் கறுத்துப்போயின. உள்ளே கைவிட்டால் சூடு.

ஒருவழியாக லாரி வந்தது. பத்து டன் தாங்கும் வண்டியில் 130 கட்டுக்கு மேல் ஏறவில்லை. எடை இரண்டேகால் டன்கூட இல்லை. வைக்கோல் இடத்தைத்தான் அடைக்கும். லாரிக்காரருக்கு எடை எதுவானாலும் நடைக்கு 6,000 ரூபாய். இரண்டு நடை. வண்டியில் ஏற்றி முடித்த பிறகு, "வாடகையில் பாதி உங்களுடையது" என்றார் தரகர்.

ஆலை எடைமேடையில் 4,300 கிலோ. ஈரம் அதிகம் என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தார்கள். ஈர வைக்கோலை எரித்தால் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் வீணாகும். கழிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஈரம் அவர்களுடைய தாமதத்தால் ஏறியது. ஈரம் அளந்த சீட்டைக் கேட்டேன், தரவில்லை. வந்த 13,760 ரூபாயில் வாடகை 6,000, ஏற்றுகூலி 1,300 போக 6,460 ரூபாய் கைக்கு வந்தது. நான் செலவழித்தது 13,600.

எடை எங்கே போடப்படும், எத்தனை சதவீத ஈரம்வரை ஏற்பார்கள், எந்தத் தேதிக்குள் எடுப்பார்கள், தேதி தாண்டினால் நட்டம் யாருடையது, வாடகையும் கூலியும் யார் பொறுப்பு? இத்தனையையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், ஐந்து ரூபாய் குறைந்தாலும் மாட்டுக்காரரிடமே கட்டுக்கணக்கில் கொடுத்து, வரப்பிலேயே பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அழுகிய 60 கட்டுகளையும் கூலி கொடுத்துப் பிரித்து, வயலிலேயே பரப்பி உழுதோம்.