ஆஸ்பத்திரி வீதிப் பக்கத்து மருந்துக்கடை: ஐந்துக்கு நாலு

யாழ்ப்பாணத்தில் டொக்டரின்ர மருந்துத் துண்டை நீட்டினவுடன் அலுமாரிக்கு ஓடாத கடை இது. முதலில் பேர், வயது, ஒவ்வாமை கேட்கினம்; பிள்ளையெண்டால் நிறையும். குளிசையைத் தட்டில் கொட்டி, தகட்டால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுகினம். பெனிசிலின் வகைக்குத் தட்டு வேறு. அந்தத் தூள் மற்ற மருந்தில் ஒட்டினாலே சிலருக்கு ஆபத்து. எடுக்கிறது உதவியாளர், துண்டோடு ஒப்பிட்டுக் கையில் தாறது பதிவுபெற்ற மருந்தாளர். பேர் மாறுப்படக்கூடிய மெட்போமினும் (நீரிழிவுக்கு) மெட்ரோனிடசோலும் (கிருமித்தொற்றுக்கு) அலுமாரியில் ஒரே தட்டில் அடுக்கி இல்லை.

அமொக்சிசிலின் பாணி கலக்கிறதைப் பாக்கவேணும். போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்து, கொதித்தாறின தண்ணியை இரண்டு தரமாகக் கோடு மட்டும் விட்டுக் குலுக்குகினம். ஒரேயடியாக ஊத்தினால் அடியில் கட்டி பிடிக்கும். பிறகு முதல் வேளை வெறுந்தண்ணி, கடைசி வேளை மருந்து கூடிப்போகும். பாரசிற்றமோல் பாணியில் 5 மி.லீ.க்கு 120 மி.கி.யா 250ஆ என்று வட்டம் போட்டுக் காட்டுகினம். 12 கிலோப் பிள்ளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. படி 180 மி.கி.: முதலாவதில் 7.5 மி.லீ., மற்றதில் 3.6தான். தேத்தண்ணிக் கரண்டி சரிவராது, சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கோ.

மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கு ஒருக்கா போடுற மெதோட்ரெக்சேற் உறையில் 'வெள்ளி மட்டும்' என்று நாளையே எழுதுகினம். தினமும் போட்டால் இரத்தம் ஊறுற எலும்பு மச்சை படுத்துவிடும்.

ஒரு புள்ளி குறைச்சது ஏனெண்டால், அட்டையை வெட்டேக்க காலாவதித் திகதி உள்ள துண்டு கடையிலேயே நிண்டுவிடுது. உறையில் எழுதித் தரச் சொல்லுங்கோ. எண்ணேக்க மட்டும் கதை குடுக்காதேங்கோ.