அக்கிக்கு ஏசைக்ளோவிர் 800: ஏழு நாள் விழுங்கிப் பார்த்ததில்

போன மாதம் இடுப்பின் வலது பக்கம் இரண்டு நாளாக ஒரே எரிச்சல், பனியன் பட்டாலே சுள்ளென்றது. மூன்றாம் நாள் காலையில் கொத்தாக நீர்க்கொப்புளம். அம்மா பார்த்ததுமே "அக்கிடா இது, குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொண்டு வா" என்றாள். நான் டாக்டரிடம் போனேன். ஏசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். மொத்தம் 35 மாத்திரை.

முதலில் குறை. மாத்திரை பெரிது, தொண்டையில் நிற்கும். விழுங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேர்ந்தாலே அதிகம், சேர்ந்ததும் சீக்கிரம் சிறுநீரில் போய்விடும், அதனால்தான் ஐந்து வேளை. காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை நாலு மணிக்கொரு தடவை போனில் அலாரம் அடித்தது.

ஆனால் வேலை செய்கிற விதம் இருக்கிறதே, அதற்கே முழு மதிப்பெண். அக்கி என்பது சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ்தான், நரம்பு வேரில் தூங்கிக்கொண்டிருந்தது. அது எழுந்து ஒரு செல்லுக்குள் புகுந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யாது. முதலில் செல்லைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் புரதங்கள், அவை முடுக்கிவிட்ட பிறகு டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைம்கள், கடைசியில்தான் மேலுறை. அந்த இரண்டாவது தவணையில் தைமிடின் கைனேஸ் என்று ஒன்று வரும். மாத்திரை உள்ளே போகும்போது வெறும் அரைகுறைச் சரக்கு, மூன்று பாஸ்பேட் துண்டுகள் ஒட்டினால்தான் வேலைக்கு ஆகும். அதில் முதல் பாஸ்பேட்டை ஒட்டுவது வைரஸின் இந்த என்சைம், மீதி இரண்டை நம் செல்லே ஒட்டிவிடும். அப்புறம் வைரஸ் அதை டிஎன்ஏவுக்கான செங்கல் என்று நினைத்து இழையில் கோக்கும், அடுத்ததை மாட்டக் கொக்கி இருக்காது, இழை அங்கேயே நின்றுவிடும். சொந்தக் காசில் சூனியம்! வைரஸ் புகாத செல்லில் அந்த என்சைமே இல்லாததால் அங்கே மருந்து அநேகமாகச் சும்மா கிடக்கும். இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் கிடைத்தது.

இதே காரணத்தால்தான் தூங்குகிற வைரஸை மாத்திரையால் தொட முடியாது, அது என்சைம் செய்தால்தானே. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கச் சொல்வதும் அது நகலெடுத்து முடிப்பதற்குள் பிடிக்கத்தான்.

எனக்கு நாலாம் நாளோடு புதுக் கொப்புளம் நின்றது, ஏழாம் நாள் பொருக்கு. வலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், தண்ணீர் நிறைய குடியுங்கள். இன்னொரு தடவை வந்தால் வாலாசைக்ளோவிர் கேட்பேன், உடம்புக்குள் போய் இதுவாகவே மாறும், மூன்று வேளை போதும். மருந்துக்கடையில் கூடவே தள்ளிவிட்ட கிரீம் மட்டும் அக்கிக்குத் தண்டம், பிரிக்காமல் பிரிட்ஜ் கதவில் கிடக்கிறது.