கல்வெட்டில் பெயரா, பையில் காசா?

செட்டிநாட்டில் தருமம் செய்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவது ஊர் வழக்கம். சத்திரம், ஊருணி எதிலும் பார்க்கலாம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துத் தேவாலயங்களிலும் அதே பழக்கம்தான். 'உபயம்' என்று பெரிதாக எழுதி, டியூப்லைட்டின் வெளிச்சத்தையே பாதி மறைத்துவிடுவார்கள்.

அதற்காகப் பெயர் போட்டுக் கொடுப்பதைக் குறை சொல்லிவிட முடியாது. கணக்கு வெளிப்படையாக இருக்கும், ஒருவரைப் பார்த்து நாலு பேர் கொடுப்பார்கள். வரிவிலக்குக்கும் பெயரோடு ரசீது வேண்டும். கட்டடம், கூரை போன்ற வேலைகளுக்கு இதுவே சரி.

பெயரில்லாமல் கொடுப்பதற்கு நல்ல உதாரணம், 1833-ல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை என்ற, ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பு. கூட்டத்தில் ஒரு பை சுற்றிவரும். மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். நூறு போட்டவரும், ஒன்றும் போடாதவரும் பார்வைக்கு ஒன்றுதான். கையில் காசில்லாதவரின் மானம் காப்பாற்றப்படுகிறதே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

'வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம்' என்கிறது பைபிளில் மத்தேயு 6. ஆனால் இரண்டு காசு போட்ட ஏழை விதவை, மாற்கு 12-ல், எல்லார் கண்முன்னும்தான் போட்டாள். ஆக, மறைப்பது மட்டுமே தூய்மை ஆகிவிடாது. ரகசியமாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் டீக்கடையில் 'யாரிடமும் சொல்லாதீங்க' என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு!

கட்டடத்துக்குப் பெயர் இருக்கட்டும். அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம் என்றால் என் ஓட்டு பைக்குத்தான். வாங்குகிறவரை நிற்கவைத்துப் போட்டோ எடுப்பது எந்தப் பக்கத்திலும் சேராது.